ஓட்டைக்கு முன்னால் ஒரு கோடு

தேநீரில் சர்க்கரை போடாமல் கொடுத்ததற்கு நன்றி. நீங்கள் கிழக்கு ஜாவாப் பக்கத்துக்காரர் என்று பேச்சிலேயே தெரிகிறது. அங்கே கொடுப்பது தேநீர் அல்ல, பாகு. இங்கே மேற்கு ஜாவாவில் சுந்தாக்காரர்களுக்கு நடுவில் வேலைக்கு வந்து இதையாவது கற்றுக்கொண்டீர்களே, இன்ஸ்பெக்டர் நிங்ரும். முப்பது வருடம் இங்கே குப்பை கொட்டி இதைக்கூடக் கற்காமல் ஓய்வு பெற்றுப்போன மேலதிகாரிகள் எனக்கு மூன்று பேர் இருந்தார்கள்.

பேச ஆரம்பிப்பதற்கு முன் ஒரு வேண்டுகோள். நேற்று என் வீட்டு அலமாரியிலிருந்து உங்கள் காவலர் எடுத்துப்போன மூன்று ஏட்டுக்கட்டுகளும் ஐந்நூறு வருடத்துக்கு முந்தியவை. அவர் அவற்றைக் காய்கறிப் பையில் போட்டுக்கொண்டு போனார். அடையாளச் சீட்டை ஏட்டின் மேலேயே வைத்து ஸ்டேப்ளர் அடிக்கப் பார்த்தார். விலங்கு மாட்டின கையோடு நான்தான் தடுக்க வேண்டியிருந்தது. ஈரமில்லாத அறையில், பருத்தித் துணியில் சுற்றி, படுக்கை வசமாக வையுங்கள். முடிந்தால் அந்தக் காவலரை வேறு வேலைக்கு அனுப்புங்கள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

என் பெயர் விராதிசாஸ்த்ரா. உங்கள் தாளில் ஒரு 'த்' விட்டுப்போயிருக்கிறது, திருத்திக்கொள்ளுங்கள். பழைய சுந்தாச் சுவடிகளைக் காப்பாற்றுவது முப்பத்தோரு வருடமாக என் தொழில். எதனிடமிருந்து என்று கேட்டால், பூச்சியிடமிருந்தும் ஈரத்திடமிருந்தும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்வது வழக்கம். உண்மையில் பூச்சி நேர்மையான பிராணி. பசித்தால் தின்னும், பசி அடங்கினால் போய்விடும். நான் காப்பாற்றியது மனிதர்களிடமிருந்து.

தாசிக்மலாயாவுக்குத் தெற்கே ஒரு வீட்டில் ஏட்டுக்கட்டு ஒன்று நெல் குதிரின் ஆடுகிற காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தது. "குதிரு ஆடலியே ஐயா, அப்ப நல்லாத்தானே காப்பாத்தியிருக்கோம்" என்றான் வீட்டுக்காரன். இன்னொரு ஊரில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஏட்டின் ஓரத்தைக் கிள்ளி வெந்நீரில் போட்டுக் கொடுப்பார்கள். நான் போவதற்குள் ஊரில் காய்ச்சல் நிறைய வந்திருந்தது. பாதிக் காவியத்தைக் குடித்துவிட்டிருந்தார்கள். பிள்ளைகள் எல்லாம் கொழுகொழுவென்று இருந்தன, ஒன்றுக்கும் எழுத்துக்கூட்டத் தெரியாது.

பாண்டுங்கில் நான் வேலை பார்த்த காப்பகத்தைப் பற்றியும் பெரிதாக எண்ண வேண்டாம். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று இருந்தது. அது கெட்டுப்போய் எட்டு மாதமாக மழைக்கோட்டு மாட்டப் பயன்பட்டது. ஏடுகளைப் படமெடுக்க இளைஞர்களை அனுப்பினார்கள். நானூறு படம் எடுத்துவந்தார்கள், நூற்றுப்பத்தில் அவர்கள் கட்டைவிரல் தெரிந்தது. வருங்காலத் தலைமுறை அந்தக் கட்டைவிரல்களை ஆராயட்டும் என்று நான் குறிப்பு எழுதிவைத்தேன். அதைப் பாராட்டு என்று எண்ணிக்கொண்டு எனக்குக் கேக் வாங்கிவந்தார்கள்.

சிஹலிமுன்னுக்கு வருகிறேன். நீங்கள் கேட்பதும் அதைத்தானே.

சிகுராய் மலைச்சரிவில் அறுபது வீடு உள்ள ஊர். ஊருக்கு மேலே, மூங்கில் சுவரும் கரிய பனைநார்க் கூரையுமாகக் கால் ஊன்றி நின்ற ஒரு கோயில்வீடு. அதற்குள் பலாமரப் பெட்டி. பெட்டிக்குள் இந்த மூன்று கட்டு. வருடத்தில் ஒரு நாள், முஹர்ரம் மாதத்தில் பெட்டியைத் திறப்பார்கள், ஏடுகளைத் துடைப்பார்கள், கும்பிடாத குறையாகப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். அபா சார்கிம் என்ற கிழவர் அதற்குக் காவலாளி. அவர் அப்பாவும் தாத்தாவும் அதே வேலைதான். மூன்று தலைமுறையாகக் காவல் காத்தும் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. அதைச் சொல்லவந்தவன் நான்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு மூன்றாம் கட்டின் பதினோராம் ஏட்டில் ஒரு வரியைப் படித்தேன். 'அரசனின் ஹுலு சுனைக்கரையில் தங்கிற்று.' ஹுலு என்றால் தலை. பழைய அரசன் ஒருவனின் தலையை அறுத்துக் கொண்டுவந்து, இந்த மலைச்சுனையில் புதைத்து, அதன்மேல் ஊர் கட்டினார்கள் என்று அந்த ஒரு வரியிலிருந்து நான் நிறுவினேன். எனக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. ஹாலந்தில் மூன்று முறை பேசக் கூப்பிட்டார்கள். மாவட்ட நிர்வாகம் சுனைக்கரையில் ஆளுயரத்துக்குச் சிமெண்டில் ஒரு தலையைச் செய்துவைத்துப் பொன்வண்ணம் அடித்தது. பார்க்கச் சகிக்காது. ஆனாலும் வருகிறவர்கள் எல்லாம் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஊருக்கு ஒரு முகவரி கொடுத்தது அந்தத் தலை. அதாவது நான்.

மிந்தார்சி சார்கிமின் மகள். வயது முப்பத்து நான்கு. கட்டினவன் ஜகார்த்தாவுக்கு ஓட்டுநராகப் போய் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். இவள் ஊர் முகப்பில் சோயாக்கட்டியும் மரவள்ளி மாவும் பொரித்து விற்றுக்கொண்டிருந்தாள். கையில் எப்போதும் எண்ணெய் வாசம். எழுத்துகளை அறிமுகப்படுத்தி நான் ஒரு சிறு கையேடு போட்டிருந்தேன், காப்பகம் அதை ஊருக்கு இருபது பிரதி இலவசமாக அனுப்பியது. பத்தொன்பது பிரதி பலகாரம் மடிக்கப் போனது. ஒன்றை இவள் படித்தாள்.

மூன்று வருடத்துக்கு முந்தைய முஹர்ரம். பல்கலைக்கழகத்திலிருந்து பதினான்கு பேரைக் கூட்டிப்போயிருந்தேன். கோயில்வீட்டு முன்கூடத்தில் பாய் விரித்து ஏடுகளைப் பரப்பியிருந்தது. பதினோராம் ஏட்டைத் தூக்கிப் பிடித்து அந்த வரியைப் படித்துக் காட்டினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். வாசற்படியில் தட்டோடு நின்றவள் பேசினாள்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? அது ஹுலு இல்லீங்க. 'ஹுலுன்'னு தெரியுது."

"பூச்சி அரித்த இடம் அது. அதற்கு மேல் எழுத்து இல்லை" என்றேன்.

"பூச்சி ஓட்டை பின்னாடி இருக்கு சார். ஓட்டைக்கு முன்னால ஒரு கோடு நிக்குது பாருங்க. வெளிச்சத்துக்கு எதிரா சாச்சுப் பிடிச்சாத் தெரியும். நான் ஏழு வருசமாத் துடைக்கறேன். மத்த ஏட்டுல 'ன்' வர்ற இடத்துலயெல்லாம் அதே கோடுதான்."

ஹுலுன் என்றால் ஊழியர், வேலைக்காரர். எங்கள் மொழியில் வினைச்சொல் ஆளுக்குத் தக்கபடி மாறாது. ஆகவே வரி இப்படி ஆகிறது: அரசனின் வேலைக்காரர்கள் சுனைக்கரையில் தங்கினார்கள். தலையும் இல்லை, அறுப்பும் இல்லை. நாலு வேலையாட்கள் தண்ணீருக்குப் பக்கத்தில் குடிசை போட்டார்கள், அவ்வளவுதான்.

கிழவர் பதறிப்போய், "ஏய், பெரியவங்க பேசறப்ப குறுக்க பேசாதடி" என்றார்.

"குறுக்க பேசலப்பா, ஒரு கோடு இருக்குன்னுதான் சொன்னேன். கோட்டுக்கு என்ன மரியாதை, அது பாட்டுக்கு நிக்குது."

பதினான்கு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். அவள் தட்டிலிருந்து ஒரு சோயாப் பொரியல்கூட எடுத்துத் தின்றேன். உப்பு அதிகம்.

அன்று யாரோ அதைத் தொலைபேசியில் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். நாற்பதாயிரம் பேர் பார்த்தார்களாம். 'புரொபசருக்குத் தலை போச்சு' என்று கீழே ஒருவன் எழுதியிருந்தான். நாற்பதாயிரம் பேரில் ஓர் ஏட்டைத் தொட்டுப் பார்த்தவன் ஒருவன் இருப்பானா. ஊர்க்காரர்கள் தம் பங்குக்குச் சிமெண்டுத் தலைக்குச் சமையல்காரர் தொப்பி மாட்டி, பக்கத்தில் ஒரு விளக்குமாற்றைச் சாத்திவைத்தார்கள். அவள் செய்யச் சொல்லவில்லை. அவள் அதை எடுத்துப்போடச் சொன்னதாகத்தான் கேள்வி. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. இரக்கப்பட இவள் யார்?

அப்புறம் எனக்கு எழுத ஆரம்பித்தாள். தொலைபேசியில், மரியாதையாக, கும்பிடும் கைப் படம் போட்டு. 'சார், இரண்டாம் கட்டு நாலாம் ஏட்டில் இந்த எழுத்து என்ன?' 'சார், ஏட்டின் ஓரம் சுருளுது, எலுமிச்சைப்புல் தைலம் தடவலாமா, எத்தனை சொட்டு?' 'சார், இப்ப நாங்க மூணு பேர் ஞாயித்துக்கிழமை பொட்டியத் திறந்து உக்காந்து படிக்கிறோம், நீங்க ஒரு நாள் வந்தா சந்தோசம்.' நான் பதில் போடவில்லை. வேலை இருந்தது.

சுவடிகளைப் பாண்டுங்குக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாக வைப்பது என்று முடிவு செய்தேன். அந்த ஊரில் அவை இருப்பது ஆபத்து. நாளுக்கு நாள் அதிகமான கைகள் தொட ஆரம்பித்திருந்தன. இதை ஊர்க்கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன். கருவாடும் பச்சை இலையும் மிளகாய்த் துவையலுமாக நல்ல சாப்பாடு போட்டுவிட்டு, முடியாது என்றார்கள். பேசினது அவள்தான். மற்றவர்கள் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பக்கத்து ஊர்க் கட்டு ஒண்ணு உங்க ஆபீசுக்குப் போச்சு சார். திரும்பி வர்றப்ப மேல்சட்டமும் கயிறும் மட்டும்தான் வந்துச்சு. ஏடெல்லாம் லீவுல போயிருச்சா?"

கூட்டம் சிரித்தது. ஊர்த்தலைவர் வாயில் இருந்த சோறு சிதறச் சிரித்தார்.

"அங்கே குளிரூட்டின அறை இருக்கிறது அம்மா" என்றேன்.

"அந்த அறையில மழைக்கோட்டு காயப் போட்டிருக்காங்கன்னு உங்க ஆபீஸ் தம்பியே சொன்னாரு. கோவிச்சுக்காதீங்க சார். எப்படிப் பாதுகாக்கறதுன்னு எங்களுக்குச் சொல்லிக்குடுங்க. நாங்க இங்கயே வச்சுப் பாத்துக்கறோம். படம் எடுத்துக்குங்க, எத்தனை வேணும்னாலும் எடுத்துக்குங்க. படிக்கிறவங்க இருக்கற எடத்துலதானே சார் புஸ்தகம் இருக்கணும்?"

படிக்கிறவர்கள். ஒருத்தி பலகாரக்காரி, ஒருவன் டயர் ஒட்டுகிறவன், இன்னொருத்தி பள்ளிக்கூடத்தில் பெருக்குகிறவள். ஐந்நூறு வருடம் காத்திருந்து அந்த ஏடுகள் அடைந்த வாசகர் கூட்டம் இது.

சரி என்றேன். நானே வந்து நாலு நாள் தங்கித் தைலம் போட்டுத் தருகிறேன் என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நெசமாவா சார்?" என்றாள். அபா சார்கிம் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஒரு தேதியை இங்கே சொல்லிவிடுகிறேன். எப்படியும் உங்கள் ஆட்கள் தோண்டி எடுப்பார்கள், எடுத்துத் தப்பாக எழுதுவார்கள். அதே அளவில், அதே நிறத்தில் வெற்று ஏடுகள் நூற்றிருபது வேண்டும் என்று சிரெபோனில் ஓர் ஆளிடம் நான் சொல்லிவைத்தது முஹர்ரம் திறப்புக்குப் பின் எட்டாம் நாள். ஊர்க்கூட்டம் நடந்தது அதற்கு ஒரு மாதம் கழித்து. ஊரார் மறுத்ததால்தான் நான் இதைச் செய்தேன் என்று நேற்றுவரை நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அப்படி வரவில்லை. முன்யோசனை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் மாதம், மழை இல்லை. திங்கட்கிழமை போனேன். வெளிச்சத்துக்காக முன்கூடத்தில், வாசலை ஒட்டிப் பெட்டியை வைக்கச் சொன்னேன். நாலு ஆள் தூக்கும் கனம். தைல வாசனைக்கு ஆள் அண்டக் கூடாது என்று எல்லாரையும் வெளியே அனுப்பினேன். தினம் முப்பது ஏடு எடுத்தேன், முப்பது வெற்று ஏடு வைத்தேன். எடுத்தவற்றை காருட் இனிப்புக்கடைப் பெட்டிகளில் அடுக்கினேன். அந்தப் பக்கம் போய்விட்டு இனிப்புப் பெட்டி இல்லாமல் திரும்புகிறவனைத்தான் சந்தேகப்படுவார்கள். மிந்தார்சி நாலு நாளும் சாப்பாடு கொண்டுவந்தாள். சாத்தின கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, "உள்ள வரலாமா சார், எப்படித் தடவறீங்கன்னு பாத்துக்கறேன்" என்பாள். நாளைக்கு, என்பேன். வியாழக்கிழமை முடித்து, தைலம் காயட்டும், சனிக்கிழமைவரை ஒருவரும் உள்ளே போகக் கூடாது என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

இதோடு நின்றிருக்கலாமே என்று உங்கள் முகம் கேட்கிறது. யோசித்துப் பாருங்கள். சனிக்கிழமை அவள் பெட்டியைத் திறப்பாள். மற்ற ஊர் என்றால் வெற்று ஏட்டையே இன்னும் நூறு வருடம் துடைத்துக் கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள், கவலையே இல்லை. இங்கே ஒருத்திக்குப் படிக்கத் தெரிந்திருந்தது. கையேடு போட்ட என் தவறுதான் அது.

வெள்ளிக்கிழமை நடுப்பகலைத் தேர்ந்தெடுத்தேன். ஆண்கள் எல்லாம் தொழுகைக்குப் பள்ளிவாசலில் இருப்பார்கள். யாருக்கும் ஆபத்து வரக் கூடாது என்பதில் நான் எச்சரிக்கையாக இருந்தேன். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு விருந்தினர் குடிசையில் தங்கினேன். காலையில் கிழவர் வாசற்படியில் சாம்பிராணி போட்டிருந்த சட்டியில் கங்கு மிச்சம் இருந்தது. மீந்த தைலம் ஒரு தகரம் நிறைய இருந்தது. உள்ளறையில் பழைய பாய்கள். இதற்கு மேல் விவரம் வேண்டாம். உங்கள் அறிக்கை சாம்பிராணித் தீ என்கிறது, அது பாதி சரி. பனைநார்க் கூரை நான் எதிர்பார்த்ததைவிட வேகமாகப் பிடித்தது. சட்டியை எடுத்ததில் இந்தக் கை சுட்டுவிட்டது, தழும்பு இதோ.

பெண்கள் வாளிகளோடு வந்தார்கள். மேட்டுக்குத் தண்ணீர் சுமந்து வருவதற்குள் பாதி கொட்டிவிடும். ஒருத்தி பள்ளிவாசலுக்கு ஓடினாள். கூரை சரிந்தது. அதற்குள் மிந்தார்சி உள்ளே போயிருந்தாள், வெளியே வரவில்லை.

அடுத்த வாரம் அபா சார்கிம் காருட் ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க வந்தார். கைக்குக் கட்டுப் போட்டுப் படுத்திருந்தேன். ஒரு பையில் ஆறு ஆரஞ்சுப் பழம் வைத்திருந்தார். நாற்காலியில் உட்காரவில்லை, தரையில் உட்கார்ந்தார்.

"என்னை மன்னிச்சிடுங்க சார். சட்டியில கங்கை அணைச்சேனா இல்லையான்னு எனக்கே நெனப்பு இல்ல. அணைச்ச மாதிரிதான் இருக்கு. ஆனா எல்லாரும் கேக்கறப்ப தெரியல. நீங்க நாலு நாள் உசுரக் கொடுத்துப் பண்ண வேலை. உங்க கை வேற."

மகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏடுகளைப் பற்றியும் என் கையைப் பற்றியும்தான் பேசினார்.

"பரவாயில்லை அபா, தவறு எல்லாருக்கும் நேர்வதுதான்" என்று சொல்லி அவரை மன்னித்தேன். அவர் போன பிறகு ஆரஞ்சு ஒன்றை உரித்துத் தின்றேன். உங்கள் அறிக்கையில் அவர் பெயர் 'கவனக்குறைவு' என்ற சொல்லோடு வருகிறது. ஊர்க்காரர்கள் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டதாகவும், அவர் மலையடிவாரத்தில் யாருடைய தேயிலைத் தோட்டத்திலோ காவலுக்குப் போய்விட்டதாகவும் கேள்விப்பட்டேன். காவல் அவருக்குப் பழகின தொழில்.

ஏடுகள் என் வீட்டில் மூன்று வருடம் பத்திரமாக இருந்தன. ஈரம் இல்லை, பூச்சி இல்லை, ஒரு கை படவில்லை. வேறு எங்கே இருந்திருந்தாலும் இந்த நிலையில் இருந்திருக்காது, உங்கள் நிபுணர்களைக் கேளுங்கள், அப்படி யாராவது உங்களிடம் இருந்தால். யாருக்கும் காட்டவில்லையா என்று கேட்கிறீர்கள். யாருக்குக் காட்டுவது? பெயர் சொல்லுங்கள் பார்ப்போம். பின்னால் தகுதியான ஒரு தலைமுறை வரும், அவர்களுக்காக வைத்திருந்தேன்.

பதினோராம் ஏட்டை ஒரு முறை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பார்த்தேன். கோடு இருந்தது. அவள் சொன்ன இடத்தில், அவள் சொன்ன மாதிரி. ஒரு நெல்லில் பாதி நீளம். மெல்லிய ஊசி ஒன்று எடுத்து, பூச்சி முடிக்காமல் விட்ட வேலையை முடித்துவைத்தேன். ஐந்நூறு வருடத்து ஏட்டில் அரை நெல் இடம். பொடியை ஊதினேன், போய்விட்டது. ஏட்டுக்குச் சேதம் என்று இதைச் சொல்ல மாட்டேன்.

பிறகு மூன்று கட்டுகளையும் படமெடுத்துப் பெரிய புத்தகமாகக் கொண்டுவந்தேன். தீயில் அழிந்த சுவடிகள், பத்து வருடத்துக்கு முன் நான் எடுத்துவைத்த படங்கள், என்று முன்னுரை எழுதினேன். மிந்தார்சிக்கு இரண்டு வரி அஞ்சலியும் எழுதினேன், நன்றாக வந்திருந்தது. பதினான்கு அறிஞர்கள் மதிப்புரை எழுதினார்கள். பதினான்கு பேரும் முஹர்ரம் அன்று அந்தப் பாயில் உட்கார்ந்து சிரித்தவர்கள். ஒருவருக்கும் ஒன்றும் கண்ணில் படவில்லை. கண்டுபிடித்தது அச்சகத்தில் பக்கம் அமைக்கிற ஒரு பெண் என்று கேட்டபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அவள் அந்தப் பழைய வீடியோவைப் பார்த்திருக்கிறாள். வீடியோவில் ஓட்டை சிறிது, கோடு இருக்கிறது. பத்து வருடத்துக்கு முந்தியது என்று நான் சொன்ன படத்திலோ ஓட்டை பெரிது, கோடு இல்லை. ஓட்டை வருடம் போகப் போகப் பெரிதாகும், சிறிதாகாது. ஆகவே படம்தான் பிந்தியது, என்று உங்களுக்கு எழுதிப்போட்டிருக்கிறாள். நல்ல தர்க்கம். என் மாணவர்களில் ஒருவனுக்காவது இது வந்திருந்தால் நான் இப்படித் தனியாக வேலை செய்ய வேண்டியிருந்திருக்காது.

கடைசியாக உங்கள் பழைய அறிக்கையில் ஒரு வாக்கியம். பதினேழாம் பத்தி. 'சம்பவ இடத்திலிருந்த அறிஞர், இறந்தவர் தீக்குள் செல்வதைத் தடுக்க முயன்றார், அதில் அவர் கை சுட்டது.' இதை யார் எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் அப்படிச் சொல்லவில்லை. சுட்டிருந்த கையைப் பார்த்து அவர்களாகவே எழுதிக்கொண்டார்கள்.

நடந்தது இது. நான் வாசலுக்கு ஆறேழு அடி தள்ளி நின்றிருந்தேன். மிந்தார்சி கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள், கைலியை வாளித் தண்ணீரில் முக்கித் தலையில் போட்டுக்கொண்டாள். தீ அப்போது உள்ளறையில்தான் இருந்தது. முன்கூடத்தில் புகை மட்டும், ஆனால் கண் தெரியாத அளவுக்கு. பெட்டி வாசலை ஒட்டி, நான் வைத்த இடத்திலேயே, கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தது. தனி ஆளாக நகர்த்த என் முதுகு இடம் கொடுக்கவில்லை என்பதால் அங்கேயே விட்டிருந்தேன். உள்ளே கையை விட்டுக் கட்டுகளை மட்டும் இழுத்துக்கொண்டு ஒரு நிமிடத்தில் அவள் வெளியே வந்திருக்கலாம். வெளியே வந்து, வெளிச்சத்தில் பிரித்திருப்பாள்.

அவள் என்னிடம் கேட்டாள். திங்கட்கிழமை அதைத் தூக்கிவைத்த நாலு ஆட்களும் பள்ளிவாசலில் இருந்தார்கள்; நாலு நாளும் அவளை உள்ளே விடாததால் பெட்டி எங்கே என்று அங்கே என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

"சார், பொட்டி எங்க வச்சிருக்கீங்க?"

உள்ளறையில், கிழக்கு மூலையில், என்றேன்.

"சரிங்க சார். நீங்க தள்ளி நில்லுங்க, புகை ஆகாது உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஒரு தடவை, "இங்க இல்லையே சார்" என்று குரல் வந்தது. இன்னும் உள்ளே, என்று சொன்னேன். கேட்கும்படி உரக்கத்தான் சொன்னேன்.

ஆகவே 'தடுக்க முயன்றார்' என்பதை அடித்துவிட்டு 'இடம் சொன்னார்' என்று எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். மற்றவர்கள் எப்படியோ, பின்னால் வருகிறவர்கள் கையில் பிழையான பாடம் போய்ச் சேர்வதை நான் ஒருநாளும் அனுமதித்ததில்லை.